கடல் மிதவைகள்



ஆகஸ்டு 5-ந் தேதி பனிமய மாதா திருநாளுக்குத் திருவேங்கடத்திலிருந்து தூத்துக்குடி போகிறவர்கள் கடலைப் பார்த்து, "இத்தனை தண்ணீரில் கப்பலுக்குப் பாதை எதற்கு?" என்று கேட்பதுண்டு. நாம் கரிசல்காட்டு ஜனங்கள், கேட்பதில் குற்றமில்லை. ஆனால் கடலிலும் பாதை உண்டு. துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு மிதவை, வலப்புறம் பச்சை மிதவை. (அமெரிக்கக் கரைகளில் இது தலைகீழ்!) சுற்றிலும் ஆழமிருக்க, நடுவே தனிப்பாறை மறைந்து கிடந்தால், அங்கே கறுப்பும் சிவப்புமான மிதவை, உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டைகள். கடலடியில் கனத்த பாரம் இறக்கி, சங்கிலியால் அதைப் பிணைத்திருப்பார்கள். அலை அதைப் பாடாய்ப் படுத்தும். ஆனாலும் அது தன் இடத்தை விட்டுப் போகாது.

1971-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 'டெக்சாக்கோ கரிபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிற்று. அடையாளம் வைத்து முடியுமுன், மறுநாளே 'பிராண்டன்பர்க்' என்ற கப்பல் அதன்மேல் மோதி மூழ்கிற்று. பிறகு விளக்குக் கப்பலும் மிதவைகளும் நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் பிப்ரவரிக் கடைசியில் 'நிக்கி' என்ற கப்பல் அங்கேயே வந்து மோதி, உள்ளிருந்த அனைவரோடும் அமிழ்ந்தது.

இரண்டாவது கப்பலுக்கு எச்சரிக்கையில்லை. மூன்றாவதற்கு இருந்தது. ஆனால் அக்காலத்தில் உலகத்தில் முப்பதுக்கும் அதிகமான மிதவை முறைகள் இருந்தன. ஓரிடத்தில் ஒரு பொருள், மற்றோரிடத்தில் வேறு பொருள். 1980-ல்தான் தேசங்கள் தோக்கியோவில் கூடி, ஒரே ஒழுங்குக்கு உடன்பட்டன.

மும்முறை கப்பற்சேதம் கண்டவர் அர்ச். சின்னப்பர். நல்ல மனச்சாட்சியைத் தள்ளிவிட்டவர்கள் விசுவாசத்தில் கப்பற்சேதம் அடைந்தார்கள் என்று திமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்த மனச்சாட்சியைப் பிள்ளைகளுக்குள் முதலில் நிறுத்துகிறவர்கள் தாய் தகப்பன்மாரல்லவா?

நம் வீடுகளில் எத்தனை முறைகள் இருக்கின்றன? ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்தில் "பொய் சொல்லாதே" என்று பிள்ளை படிக்கிறது. திங்கட்கிழமை கடன்காரர் வாசலில் வந்து நின்றால், "அப்பா ஊரில் இல்லை என்று சொல்லடா" என்று உள்ளிருந்து தகப்பனாரே சொல்லி அனுப்புகிறார். சிவப்பு எது, பச்சை எது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் திருப்பூரிலோ சென்னையிலோ அது தட்டுக்கெட்டுப் போனால், "சொல்லித்தானே வளர்த்தோம்" என்று அழுகிறோம். சொன்னோம், மெய்தான், இரண்டு விதமாய்ச் சொன்னோம்.

இந்த வாரம் கடன்காரர் வந்தால் தகப்பனாரே வாசலுக்குப் போகட்டும். "இன்றைக்குக் கையில் இல்லை ஐயா, சனிக்கிழமை கூலி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லட்டும். வெட்கமாய்த்தான் இருக்கும். பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும்.