மூச்சும் உயிரும்

சளி அடைத்தாலோ, அறுவை சிகிச்சைக்குப் பின் மூச்சு மேலோட்டமானாலோ நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் ஒரு பகுதி காற்றிழந்து சுருங்கும். அங்கே ஓடும் ரத்தம் ஆக்சிஜன் பெறாமல் திரும்புவதால் மூச்சு வாங்கும். ஆழ்ந்த சுவாசமும் இருமலும் நடையும் அறைகளை விரிக்க உதவும்.

மூச்சு குறைந்தால் உயிரும் குறையுமா? 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், தம் சிவஞானபோதத்தின் 3ஆம் நூற்பாவில், மூச்சுதான் உயிரா என்பதை ஆராய்கிறார். உறக்கத்திலும் மூச்சு ஓடுகிறது. ஆனால் அப்போது நுகர்வும் செயலும் இல்லை. ஆகவே மூச்சு உயிரன்று, உயிருக்குக் கருவி.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைக்கோயிலில் போகர் சமாதியைப் போற்றும் சித்தர் மரபு, அந்தக் கருவியை அலட்சியம் செய்யவில்லை. அம்மரபின் திருமூலர் மூச்சைக் குதிரையாக உருவகித்து, அதை அடக்கியாளும் பிராணாயாமத்தை விளக்கினார். உடலைப் பேணுவதை உயிரைப் பேணும் வழியாகவே அவர் கண்டார்.