வெளுப்பும் தூய்மையும்

மார்க்கச் சட்ட நூல்களைத் திறப்போர் முதலில் காண்பது தொழுகையையோ நோன்பையோ அன்று, தஹாரத்தையே காண்கின்றனர். தொழுபவரின் உடல், உடை, இடம் ஆகிய மூன்றும் நஜீஸை விட்டு நீங்கியிருக்க வேண்டும் என்பது மக்தபில் ஓதும் சிறுவர்களும் அறிந்த சட்டம். ஆடையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் கட்டளை, அல்முத்தஸ்ஸிர் சூராவின் தொடக்கத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. ஆனால், வெளுத்திருப்பதெல்லாம் தூய்மையானதா? நம் துணியைப் பிறர் கையிலும் யந்திரத்திலும் ஒப்படைத்துவிட்ட இக்காலத்தில், தூய்மையின் பொறுப்பு யாரைச் சேர்ந்தது? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

நீலகிரியில் வாழ்வோருக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. உதகை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தைக் கடுமையாக நனைக்கும். அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. துவைத்த துணி நாட்கணக்கில் ஈரம் வற்றாமல் கிடக்கும். தோட்டத்து லயன் வீடுகளில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் பிள்ளைகளின் துணியை உலர்த்துவார்கள். கோட்டும் ஸ்வெட்டரும் கம்பளிச் சால்வையும் இன்றி சுப்ஹுக்குப் பள்ளிக்குச் செல்வது முதியவர்களுக்கு எளிதன்று. அந்தக் கம்பளியையோ வெந்நீரில் போட்டுக் கசக்கினால், இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிப்போகும். ஆகவே அதை லாண்டரியில் ட்ரை கிளீனிங்குக்குக் கொடுக்கிறோம்.

அங்கேதான் மஸ்அலா பிறக்கிறது. ட்ரை கிளீனிங் என்பது பெயரில்தான் உலர்ந்தது. உண்மையில் துணி முழுவதும் நனைகிறது. ஆனால் தண்ணீரில் அன்று. முற்காலத்தில் பெட்ரோலிய எண்ணெய் வகைகளைப் பயன்படுத்தினர். அவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. பின்னர் பெர்குளோரோஎத்திலீன் என்னும் இரசாயனத் திரவம் உலகெங்கும் பரவியது. உருளைக்குள் துணியைப் போட்டு, அத்திரவத்தில் சுழற்றி, பிழிந்து, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். திரவத்தை வடிகட்டியும் காய்ச்சி வடித்தும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை இது நன்றாகக் கரைக்கும். ஆனால் தண்ணீரில் கரையக்கூடிய சிறுநீர், வியர்வை போன்றவற்றின் கறையை இது தானாகக் கரைப்பதில்லை.

இப்போது இமாம்களின் கருத்தைப் பார்ப்போம். நஜீஸை நீக்குவதற்குத் தண்ணீர்தான் வேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹப். நஜீஸைப் போக்கக்கூடிய சுத்தமான திரவம் எதனாலும், உதாரணமாகக் காடியாலும் பன்னீராலும், நீக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆகியோரின் கூற்று. இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் இதில் தண்ணீரையே நிபந்தனையாக்குகிறார்கள். தமிழகத்து ஹனஃபிகளும், ஃபத்ஹுல் முஈன் ஓதி வந்த மலையாளத்து ஷாஃபிஈகளும் ஒரே ஸஃப்பில் தோளொட்டி நிற்கும் மலை இது. ஆதலால் இரு சாராருக்கும் பொருந்தும் வழியைச் சொல்வதே நலம்.

அவ்வழி மிக எளிது. கோட்டிலோ சால்வையிலோ நஜீஸ் பட்டிருப்பது தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் முதலில் வீட்டிலேயே குளிர்ந்த நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு கடைக்கு அனுப்புங்கள். ஆடையில் பட்ட மாதவிடாய் இரத்தத்தைப் பற்றிக் கேட்டபோது, அதைச் சுரண்டி, நீர்விட்டுத் தேய்த்து, கழுவித் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். பள்ளிவாசலில் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்தபோது, அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். பட்ட இடத்திற்கு நீர்; அவ்வளவுதான். நஜீஸ் எதுவும் படாத கோட்டு அழுக்கடைந்ததற்காகவே கடைக்குப் போயிருந்தால், அது போகும்போதும் சுத்தம்; திரும்பும்போதும் சுத்தம். யாருடைய துணியோடு அது சுழன்றதோ என்ற வெறும் ஐயம் அந்தச் சுத்தத்தை அழிப்பதில்லை. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதியன்றோ!

இவ்விதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் காசு போட்டுத் துவைக்கும் யந்திரங்களின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1934ல் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில், மின்சாரச் சலவை யந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ‘வாஷடீரியா’ திறக்கப்பட்டது. 1949ல் லண்டனின் குயின்ஸ்வேயில் பொதுச் சலவையகம் ஒன்று தோன்றியது. 1960 வாக்கில் அமெரிக்காவில் காசு போட்டால் ட்ரை கிளீனிங் செய்து தரும் யந்திரமும் வந்துவிட்டது. துணியைப் போடு, நாணயத்தை நுழை, காத்திரு, எடுத்துக்கொண்டு போ! அங்கே துவைப்பவர் என்று ஒருவர் இல்லை.

இன்று நம் தமிழ் மக்கள் பெருவாரியாக வாழும் மலேசியாவில் இத்தகைய கடைகள் ஊருக்கு ஊர் உள்ளன. அவற்றை அங்கே ‘டோபி’ என்றே அழைக்கிறார்கள். இங்கிருந்து கப்பலேறிய சலவைத் தொழிலாளரின் பெயர் அந்நாட்டு மொழியிலும் நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் டோபி காட் என்று ஓர் இடத்தின் பெயராகவும் நிற்கிறது. அந்த மலேசியாவின் ஜொகூர் மாநிலம், மூவார் நகரில், 2017 செப்டம்பரில், காசு யந்திரச் சலவைக் கடையொன்று முஸ்லிம்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அறிவிப்புப் பலகை வைத்தது. தூய்மையைக் காரணம் காட்டியது. ஜொகூர் சுல்தான் அதனைக் கடுமையாகக் கண்டித்து நிறுத்தச் சொன்னார். கடைக்காரரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அப்பலகையை வைத்தவரின் பேணுதலை நாம் எள்ளி நகையாடவில்லை. நாய் படுத்த விரிப்பை முன்னவர் துவைத்திருந்தால் என்ன செய்வது என்ற அச்சம் ஷாஃபிஈ மத்ஹபைப் பேணுவோருக்கு எழக்கூடியதே. ஆனால் அச்சம் வேறு, சட்டம் வேறு. கண்ணால் காணாத நஜீஸைக் கற்பனை செய்து தேடும்படி ஷரீஅத் நம்மை ஏவவில்லை. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஷாம் நாட்டு ஜுப்பாவை அணிந்திருந்ததாக ஹதீஸில் வருகிறது. ஷாம் அன்று ரோமரின் ஆட்சியில் இருந்த நாடு. உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவப் பெண்மணி ஒருவரின் பாத்திரத்து நீரில் ஒளுச் செய்ததை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக்காட்டுகிறார்கள். உடையையும் உடலையும் கழுவுவதிலேயே காலத்தைப் போக்கி, உள்ளத்தின் பெருமையையும் முகஸ்துதியையும் கழுவாது விட்டவர்களைச் சாடும் இடத்தில்தான் அதைக் கூறுகிறார்கள்.

இந்த நீலகிரியையே பாருங்கள். நம் பாட்டனார்களின் ஜிப்பாவையும் கைலியையும் ஓடைக்கரையில் துவைத்துத் தந்தவர்கள் யார்? பெரும்பாலும் மாற்று மதச் சகோதரர்களான சலவைத் தொழிலாளர்களே. அத்துணியை உடுத்தியே நம் முன்னோர் ஜும்ஆவும் பெருநாளும் தொழுதார்கள். எந்த ஆலிமும் அத்தொழுகை கூடாது என்று சொன்னதில்லை. ஏன் தெரியுமா? ஒளுவுக்கு நிய்யத் வேண்டுமா என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. துணியின் நஜீஸை நீக்க நிய்யத் வேண்டியதில்லை என்பதில் வேறுபாடு இல்லை. முஸ்லிம் துவைத்தாலும், முஸ்லிமல்லாதவர் துவைத்தாலும், யந்திரம் சுழற்றினாலும், கொடியில் கிடந்த துணியை மலை மழை நனைத்து நஜீஸை அடித்துச் சென்றாலும் அது சுத்தமே!

இதில் ஆழ்ந்ததொரு ஹிக்மத் இருக்கிறது. துணியின் தூய்மைக்கு நிய்யத் தேவையில்லை. ஆகவே அதை யந்திரத்திடம் விடலாம். ஆனால் தொழுகைக்கு நிய்யத் வேண்டும். மனிதனின் அமல்கள் அனைத்தும் நிய்யத்தைக் கொண்டே மதிப்புப் பெறுகின்றன. அதை எந்த யந்திரத்திலும் எந்த நாணயத்தாலும் வாங்க முடியாது. ஆடையின் வேலையை எளிதாக்கித் தந்த ரப்பு, உள்ளத்தின் வேலையை நம்மிடமே வைத்துவிட்டான். நாமோ தலைகீழாக்கி, துணியில் ஆயிரம் ஐயம் கிளப்பி, உள்ளத்தில் பிறரைப் பற்றிய அருவருப்பை வளர்த்தால், எதை வெளுத்தோம், எதைக் கறையாக்கினோம்?

பேணுதல் காட்ட விரும்புவோருக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. குழந்தையின் அசுத்தத் துணியை முன்னதாக அலசாமல் பொது யந்திரத்தில் திணிப்பது அடுத்தவருக்குச் செய்யும் தீங்கு. நமது நஜீஸைத் தேடிப் பார்க்க வேண்டிய கண், பிறருடையதைத் தேடுவது ஏன்? சிறுநீரிலிருந்து பேணிக்கொள்ளாத ஒருவர் கப்ரில் வேதனை செய்யப்படுவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அவரவர் பேணுதலைக் குறித்துத்தான். சட்டைப் பையில் கிடந்த பிறர் பணம் யந்திரத்தில் அகப்பட்டால், அது கண்டெடுத்த பொருள். உரியவரைத் தேடி ஒப்படைக்க வேண்டிய அமானத்.

துவைப்பவரின் உரிமையும் அவ்வாறே. கூலி பற்றிய பாடத்தில் ஃபிக்ஹு நூல்கள் அடிக்கடி எடுத்தாளும் உதாரணம் ‘கஸ்ஸார்’, அதாவது சலவைக்காரர்தாம். அவர் கையில் துணி சேதமானால் ஈடு உண்டா இல்லையா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் இரு மாணவர்களுக்கும் இடையே நுணுக்கமான விவாதமே உண்டு. அவரது உரிமையையும் பொறுப்பையும் இமாம்கள் அத்தனை கவனமாக எடைபோட்டார்கள். நாமோ பத்து ரூபாய்க்கு அவரிடம் பேரம் பேசுகிறோம். வியர்வை உலருமுன் தரவேண்டிய கூலியை அடுத்த வாரத்திற்குத் தள்ளுகிறோம். பெர்குளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. ட்ரை கிளீனிங்கில் அதைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. அந்த ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவர் நம் கோட்டை வெளுத்துத் தருபவரே. தேவையின்றி வாரந்தோறும் கோட்டை அனுப்பாதிருப்பதும், காற்றோட்டமான கடையை நாடுவதும் அவருக்கு நாம் செய்யும் நன்மை.

ஆகவே, சட்டம் அறிந்து துணியைக் கழுவுவோம். அறிந்தபின் ஐயத்தை விடுவோம். மிஞ்சும் கவனத்தை உள்ளத்தின்பால் திருப்புவோம். வல்ல அல்லாஹ் நம் ஆடைகளையும் அகங்களையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.