வடக்கன்குளத்துக்குப் போனவள்

மாடுகள் செத்தன. பயிரும் கைகொடுக்கவில்லை. வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். நட்டாலத்து நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் அதிகாரி. அவர் முகவாட்டத்தைக் கண்டு என்னவென்று விசாரித்தவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். நீலகண்டபிள்ளைக்கு ஆறுதலாக அவர் சொன்னது பைபிளில் வரும் யோபுவின் கதை. தன்னைத் தோற்கடித்த ராஜாவிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, தன் ஊரை இனிப் பார்ப்போமா என்று தெரியாமல் இருந்த ஒருவர், எல்லாவற்றையும் இழந்தவனின் கதையை எந்தக் குரலில் சொல்லியிருப்பார்? பாறசாலையிலிருந்து மார்த்தாண்டம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், நட்டாலம் பக்கத்தில்தானே என்ற நினைப்போடு இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

*

1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

யோபு கதையில் துன்பம் நடுவில் வந்து போகிறது. கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. தேவசகாயத்துக்கோ நம்பின பிறகுதான் பெரிய துன்பமே ஆரம்பித்தது. 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். மூன்று வருஷம் விலங்கு. 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். செத்த மாட்டுக்குப் பதில் மாடு வந்ததாக எங்கும் படித்த ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கம் ஜெபக்கூட்டப் பந்தல் போட்டால், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று ரோட்டோரத்தில் பிளெக்ஸ் வைத்துவிடுகிறார்கள். சிட்டி பிடிக்கிறவன் பேச்சு மாதிரி இருக்கிறது எனக்கு. ஆனாலும் அந்தப் பந்தலில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க மனசு வராது. அழ ஒரு இடம் வேண்டியிருக்கிறதே.

*

தேவசகாயத்தை 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். இந்தியாவில் பொதுநிலையினரிலிருந்து முதல் புனிதர். நாங்களும் டிவி முன்னால்தான் இருந்தோம்.

என் நினைப்பு அவர் மனைவியிடமே போய் நின்றது. பார்கவி அம்மாள்; ஞானஸ்நானம் பெற்றபின் ஞானப்பூ. கணவர் மலையில் விழுந்தார், ஒரே நாளில் முடிந்தது. இவளுக்கு அப்படி முடியவில்லை. சொந்தக்காரர்களுக்குப் பயந்து, திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி, வடக்கன்குளத்தில் போய்த் தங்கி, 1766-ல் அங்கேயே இறந்ததாகச் சொல்கிறார்கள். கணவர் போன பிறகு பதினாலு வருஷம். அந்த வருஷங்களில் அவளுக்கு யார் அரிசி கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்தார்கள், நட்டாலத்திலிருந்து யாராவது ஒரு தடவையாவது பார்க்கப் போனார்களா? சாட்சியாகச் செத்தவருக்கு விழா எடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் கொல்லயிலில் எனக்குத் தெரிந்த விசுவாசிகள் முக்கால்வாசிப் பேர் ஞானப்பூ ஜாதிதான். மகன் கல்ஃபுக்குப் போய்ப் பேச்சு நின்ற வீடு, மருமகள் கோபித்துக்கொண்டு போன வீடு, கணவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீடு. விடிந்தால் ரப்பர் வெட்டப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார்கள்.

*

எல்லை என்றால் எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மதராஸ் ராஜ்யத்துக்குப் போயின. தமிழ்நாட்டோடு சேரப் போராடிய நேசமணி கூட்டத்தார் எங்கள் நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை; நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். கோவிலில் மலையாளம், வீட்டு ஜெபம் தமிழ் என்று நாங்கள் பழகிக்கொண்டோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தது. தங்கச்சியை எல்லைக்கு அந்தப் பக்கம் குழித்துறைக்குக் கட்டிக்கொடுத்தபோது, தூரம் போகிறாள் என்று யாரும் அழவில்லை.

2020-ல் கொரோனா வந்து களியக்காவிளையில் எல்லை வழியை அடைத்தார்கள். அம்மை அப்போது படுக்கையில். சாயங்காலம் ஆனால், "இளையவ விளிச்சாளா?" என்று கேட்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைப்போம். தங்கச்சி அங்கிருந்து மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியைச் சொல்லுவாள், அம்மை பின்பாதி. நடுவில் ரேஞ்ச் போய்விடும். அம்மை செபமாலை மணியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடி அப்படியே கிடப்பாள். அடுத்த மணிக்குத் தள்ளமாட்டாள். "நான் சொல்லட்டுமா அம்மா?" என்று கேட்டால் தலையை ஆட்டி மறுப்பாள். குரல் திரும்பி வந்தால் செபம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வராத நாளும் உண்டு. அன்று அந்த மணியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவாள்.

கர்க்கடக மழையில் அம்மை போனாள். தங்கச்சி இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கடவுள் ஏன் ஒரு நாள் பொறுக்கவில்லை என்று அவள் என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி செபமாலையை அவள்தான் தொடங்கினாள்.

*

யோபுவின் கடைசி அதிகாரத்தை மறுபடியும் படித்தேன். ஆடு, ஒட்டகம், ஏர்மாடு, கழுதை எல்லாம் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன், மூன்று மகள். செத்த பத்துப் பேரின் இடத்தை இந்தப் பத்துப் பேர் அடைத்திருக்க முடியாது. எழுதினவனுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே படுகிறது. யோபுவின் மனைவி ஆரம்பத்தில் ஒரு வார்த்தை பேசுகிறாள், இந்த அதிகாரத்தில் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. இவ்வளவு பேரையும் மறுபடி பெற்று வளர்த்தது யார்?

அதே அதிகாரத்தில் மகள்களுக்கும் ஆண்பிள்ளைகளோடு சொத்தில் பங்கு கொடுத்தான் என்று வருகிறது. கொல்லம் ஆண்டு 1092-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. 1986-ல் மேரி ராய் வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட் அதற்கு முடிவு கட்டியது. ஆனால் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது: ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபாகம் வழக்கமாயிருந்த சில லத்தீன் கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டண்டுகளையும் பெண்ணின் பங்கைக் குறைத்த பிரிவுகள் தொடாது. அங்கே பெயர் சொல்லிக் குறித்த தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எந்தக் காலத்திலோ எங்கள் பாட்டன்மார் பெண்பிள்ளைக்கும் விளையில் பங்கு அளந்திருக்கிறார்கள்.

அம்மையின் விளையை இப்போது மூன்றாக அளக்கிறோம். கிணற்றுப் பக்கம் தங்கச்சிக்கு என்பதில் அண்ணனுக்கும் சம்மதம். கிணற்றுக்குப் போகும் வழி எத்தனை அடி என்பதில்தான் மயினி இன்னும் பிடிகொடுக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவர் ஓணம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.