பள்ளியும் பள்ளிக்கூடமும்: சமயப் பணியாளரின் பொதுவாழ்வும் மனச்சான்றின் விலையும்

முன்னுரை

தமிழில் இன்று கல்விக்கூடத்தைக் குறிக்கும் ‘பள்ளி’ என்னும் சொல் முற்காலத்தில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. துறவியர் தங்கிய இடங்களில் கல்வியும் நிகழ்ந்தமையால் அச்சொல் கல்விக்கூடத்துக்கும் உரியதாயிற்று என்பர். மலையாளத்தில் ‘பள்ளி’ என்பது கிறித்தவ, இசுலாமிய வழிபாட்டிடங்களைக் குறிக்கும். கல்வி நிலையம் ‘பள்ளிக்கூடம்’ எனப்படும். இரு மொழிகளும் புழங்கும் திருவனந்தபுரத்தில் இச்சொல்லொற்றுமை ஒரு வரலாற்றையும் உடன் சுமந்து நிற்கிறது. அந்நகரைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூரிலும், பின்னர்க் கேரளத்திலும், வழிபாட்டிடமும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில், ஒரே பொறுப்பாளரின் கீழ் வளர்ந்தன. 1864இல் குரியாக்கோசு எலியாசு சாவரா அடிகளார் ஒவ்வொரு தேவாலயத்தையும் சார்ந்து ஒரு பள்ளிக்கூடம் அமைய வேண்டும் எனப் பணித்தமை இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இவ்விணைப்பிலிருந்து ஓர் அறச்சிக்கல் எழுகிறது. பழமை பேணும் கிறித்தவச் சமயப் பணியாளர் ஒருவர் தம் நம்பிக்கையின் பொருட்டுப் பொதுவாழ்வில் ஒரு நிலைப்பாட்டை மேற்கொள்ளலாம், அதற்காகப் போராடலாம். அப்போது தம் பொறுப்பிலுள்ள தனியார் பள்ளியை அந்நிலைப்பாட்டுக்குக் கருவியாக்குவது அறமாகுமா? திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய சில வரலாற்று நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனச்சான்றும் மேலாண்மையும்

சமயப் பணியாளர் பொதுவாழ்வில் பேசும்போது இருவகை உரிமைகளை ஒருசேரக் கோருவது வழக்கம். ஒன்று மனச்சான்றின் உரிமை. மற்றொன்று நிறுவனத்தை நடத்தும் உரிமை. இந்திய அரசியலமைப்பு இவ்விரண்டையும் வெவ்வேறு உறுப்புகளில் வைத்துள்ளது. 25ஆம் உறுப்பு மனச்சான்றுரிமையை எல்லா மனிதருக்கும் வழங்குகிறது. 30(1)ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமை தருகிறது. முன்னது ஒருவர் தம்மீது செலுத்தும் ஆளுகை. பின்னது பிறர்மீது செலுத்தும் ஆளுகை. ஆசிரியரின் பிழைப்பும் மாணவரின் எதிர்காலமும் அதில் அடங்கியுள்ளன.

இவ்வேறுபாட்டை அளக்கத் தமிழ் அறமரபில் தகுந்த அளவுகோல் உண்டு. திருக்குறளின் ‘தவம்’ என்னும் அதிகாரம், தனக்கு நேரும் துன்பத்தைத் தானே தாங்குதல், பிற உயிர்க்குத் துன்பம் இழையாதிருத்தல் ஆகிய இரண்டையும் சேர்த்தே தவத்தின் வடிவமாகக் காண்கிறது. முதற்கூறு மட்டும் இருந்தால் அது உறுதி. இரண்டாவதும் சேரும்போதே அது தவமாகிறது. இவ்வளவுகோலின்படி, மனச்சான்றின் பெயரால் நிகழும் எச்செயலையும் நோக்கி ஒரு கேள்வி எழுப்பலாம்: அதன் விலையைச் செலுத்துபவர் யார்?

சார்லசு மீட்: தாமே விலை செலுத்தியவர்

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த சார்லசு மீட் 1818இல் நாகர்கோவிலில் பணியேற்றார். அவ்வாண்டிலேயே திருவிதாங்கூர் அரசு அவரை அங்கு நீதிபதியாகவும் அமர்த்தியது. சமய போதகரே நீதிபதியாகவும் விளங்கியபோது, ஊழியக் கொடுமைக்கு ஆளாகியிருந்த மக்கள் பெருந்தொகையினராகத் திருச்சபையை நாடினர். அவர்கள் நாடியது நம்பிக்கையையா, நீதிபதியின் காவலையா என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. ஏறத்தாழ ஓராண்டில் மீட் நீதிபதிப் பதவியிலிருந்து விலகினார். பொதுப்பதவியின் ஆற்றல் சமயப் பணிக்குத் துணையாகும் இடமும் அதனைத் திரித்துவிடும் இடமும் ஒன்றே என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

1819இல் நாகர்கோவிலில் மிஷன் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. அதன் வருவாய்க்காக நெல்வயல் வாங்க 5,000 ரூபாய் அளித்தவர் அரசப் பொறுப்பில் இருந்த இராணி கௌரி பார்வதி பாய். சமயச் சார்புடைய தனியார் கல்வியின் தொடக்கமே பொதுக்கொடையோடு பிணைந்திருந்தமை கருதத்தக்கது. அம்மிஷன் கல்விப் பணியிலிருந்த ஜான் ராபர்ட்சைக் கொண்டே சுவாதித் திருநாள் காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தோன்றியது. 1836இல் அது அரசரின் இலவசப் பள்ளியாயிற்று. அதுவே பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்தது.

1852இல் மீட், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த உள்நாட்டுக் கிறித்தவக் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்தார். உடன் ஊழியர்களிடம் எழுந்த எதிர்ப்பால், ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிய மிஷனிலிருந்து அவர் விலக நேர்ந்தது. 1855இல் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராகி, 1873இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். கோட்பாட்டளவில் அவர் பழமை பேணும் நற்செய்தி மரபினர். எனினும் அவர்தம் மனச்சான்று சபையின் வழக்கத்தோடு மோதியபோது அதற்கான விலையை அவரே செலுத்தினார். தாம் வளர்த்த பள்ளிகளைப் பிணையாக வைத்து அவர் தம் இடத்தைக் காத்துக்கொள்ளவில்லை. சமயக் கோட்பாட்டில் பழமை பேணுதல் வேறு, அதிகாரத்தைப் பேணுதல் வேறு என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

1945 முதல் 1959 வரை

திவான் சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில் தொடக்கக் கல்வியை அரசே ஏற்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதனை எதிர்த்துச் சங்ஙனாச்சேரி ஆயர் மார் ஜேம்சு காளாச்சேரி 1945இல் சுற்றுமடல் வெளியிட்டார். அதனைத் திரும்பப் பெறுமாறு அரசு வற்புறுத்தியபோதும் அவர் இணங்கவில்லை. ஆயரின் கருத்து சரியா தவறா என்பது வேறு வினா. அவர் பயன்படுத்திய கருவி சொல். அதனால் வந்த இடரை எதிர்கொண்டவரும் அவரே.

1957–59 நிகழ்வுகள் சிக்கல் மிக்கவை. ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான அமைச்சரவை 1957இல் கல்வி மசோதாவைத் திருவனந்தபுரத்தில் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. கல்வியமைச்சர் ஜோசப் முண்டசேரி கத்தோலிக்கர். திருச்சூர் தூய தோமையார் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்குதல், தேர்வாணையம் தெரிந்தெடுத்த பட்டியலிலிருந்தே ஆசிரியரை அமர்த்துதல், குறிப்பிட்ட நிலைகளில் பள்ளிகளை அரசு கையகப்படுத்துதல் ஆகியன மசோதாவில் இடம்பெற்றன. ஊதியத்தை அரசு ஏற்பதில் பெரிய பிணக்கு எழவில்லை. யாரை அமர்த்துவது என்னும் அதிகாரமே போராட்டத்தின் மையமாயிற்று.

1959ஆம் ஆண்டின் 6ஆம் சட்டமாக அது நடைமுறைக்கு வந்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தனியார் பள்ளிகளைத் திறப்பதில்லை என மேலாளர்கள் முடிவு செய்தனர். கிறித்தவ மேலாளர்களோடு மன்னத்துப் பத்மநாபன் தலைமையிலான நாயர் சேவைச் சங்கத்தினரும் இதில் இணைந்தனர் என்பதால், இதனை ஒரு சமயத்தாரின் செயலாக மட்டும் கருதுதல் பொருந்தாது. விமோசன சமரம் எனப்பெற்ற இப்போராட்டத்தில் ஜூன் 13 அன்று அங்கமாலியிலும், ஜூன் 15 அன்று திருவனந்தபுரம் கடற்கரையைச் சார்ந்த வெட்டுக்காடு, புல்லுவிளை ஆகிய ஊர்களிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜூலை 3 அன்று செறியதுறையில் கருவுற்றிருந்த மீனவப் பெண் ஒருவர் குண்டுபட்டு இறந்தார். ஜூலை 31 அன்று அமைச்சரவை நீக்கப்பட்டது.

இங்கு விலை செலுத்தியவர் யாவர்? ஆசிரியர் நியமனம் மேலாளரிடம் இருப்பதால் கடற்கரை மீனவர்க்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை. திறக்கப்படாத பள்ளியின் மாணவரை யாரும் கேட்கவில்லை. தம் ஆயர் அழைத்தார் என்பதற்காகவே பலர் வீதிக்கு வந்தனர். துப்பாக்கியைப் பயன்படுத்திய அரசின் பொறுப்பு இதனால் குறையாது. எளியோரை இருதரப்பும் தத்தம் கணக்கில் சேர்த்துக்கொண்டன என்பதே வரலாறு காட்டும் உண்மை. 1960இல் ஆசிரியர் நியமனப் பிரிவு மாற்றப்பட்டு அவ்வதிகாரம் மேலாளர்க்கே மீண்டது. ஊதியம் அரசுடையது, நியமனம் மேலாளருடையது என்னும் ஏற்பாடு அதன்பின் நிலைபெற்றது.

நீதிமன்றம் வரைந்த எல்லை

குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்பிய இம்மசோதாவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1958 மே மாதத்தில் கருத்துரை வழங்கியது. தலைமை நீதிபதி எஸ். ஆர். தாசு, நிருவகிக்கும் உரிமை சீர்கேடாக நிருவகிக்கும் உரிமையை உள்ளடக்காது என்று தெளிவுபடுத்தினார். ஆசிரியர் தேர்வு பற்றிய பிரிவை நீதிமன்றம் தயக்கத்துடன் ஏற்றது. கையகப்படுத்தும் பிரிவுகளைச் சிறுபான்மையினர் நிறுவனங்களைப் பொறுத்தவரை ஏற்கவில்லை. கருநாடக இசைப் புலமையாலும் அறியப்பட்ட நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் தம் தனிக்கருத்துரையில், நிறுவனத்தை நடத்தும் உரிமை அரசின் ஏற்பிசைவைப் பெறும் உரிமையாகிவிடாது என வேறுபட்டார்.

அரசின் பணத்தைப் பெறாத பள்ளிக்கு இவ்வாதங்கள் பொருந்துமா என்னும் வினா எழலாம். 2002இல் டி. எம். ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உதவி பெறாத நிறுவனங்களுக்குக் கூடுதல் தன்னாட்சி உண்டு என்று கூறியது. சட்டத்தளவில் இது பெரிய வேறுபாடு. அறத்தளவில் அவ்வளவு பெரிதன்று. பள்ளி மேலாளர் கையில் உள்ளவை பொதுப்பணம் மட்டுமல்ல. பெற்றோரின் நம்பிக்கையும் திரும்பப் பெறவியலாத குழந்தைப் பருவமும் அவர் கையில் உள்ளன. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் உவமை கூறும் நன்னூலை இயற்றியவர் பவணந்தி என்னும் சமணத் துறவி. சமயச் சார்பும் நடுவுநிலையும் ஓரிடத்தில் அமையக் கூடியவையே என்பதற்கு அந்நூல் தமிழ்க் கல்வி மரபில் சமய எல்லை கடந்து பயின்று வருவதே போதிய சான்று.

மாணவர்க்கும் மனச்சான்று உண்டு என்பதைக் கேரளத்தில் எழுந்த மற்றொரு வழக்கு நிலைநாட்டியது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பழமை பேணும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்த மூன்று மாணவர் நாட்டுப்பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. அதற்காக 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. அதிகாரம் ஏதுமற்ற சிறார் தம் நம்பிக்கைக்குரிய விலையைத் தாமே செலுத்தினர். எவர்மீதும் அதனைச் சுமத்தவில்லை. மனச்சான்றுரிமையின் தூய வடிவம் இதுவே எனலாம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

மேற்கூறிய கருத்துக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. மனச்சான்று தனிமனிதரிடம் மட்டும் வாழ்வதன்று. ஒரு சமயக் குழு தன் நம்பிக்கையை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க நிறுவனம் தேவை. பள்ளியை இழந்த சிறுபான்மையினர் நாளடைவில் தம் குரலையும் இழப்பர். எனவே பள்ளிக்காகப் போராடுவதும் மனச்சான்றுக்காகப் போராடுவதும் ஒன்றே என்பது அம்மறுப்பு.

இதில் உண்மை உண்டு. 30ஆம் உறுப்பு தோன்றியதன் காரணமும் இதுவே. ஆனால் அவ்வுரிமை பெரும்பான்மையிடமிருந்தும் அரசிடமிருந்தும் குழுவைக் காக்கும் கவசம். குழுவுக்குள் உள்ள எளியோர்மீது வீசும் படைக்கலம் அன்று. பள்ளியைக் காப்பதற்காகப் பள்ளியையே பூட்டுதல், கையளிக்க வேண்டிய பொருளைப் பணயமாக வைப்பதற்கு ஒப்பாகும்.

போராட்டத்தில் பிறர் பங்கேற்பதே தவறு என்பது இதன் பொருளன்று. அவர்களின் இசைவு கேட்கப்பட்டதா என்பதே வினா. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஏவூர்தித் தளம் அமைக்க 1960களின் தொடக்கத்தில் நிலம் தேவைப்பட்டது. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை அணுகினார். ஆயர் தாமே முடிவு கூறாது, ஞாயிறு வழிபாட்டில் மக்கள்முன் அவ்வேண்டுகோளை வைத்தார் என அப்துல் கலாம் பதிவு செய்துள்ளார். மக்கள் இசைந்தனர், தூய மகதலேன் மரியாள் ஆலயம் விண்வெளிப் பணியிடமாயிற்று, 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி அங்கிருந்து எழுந்தது. ஆயர் முன்னிலையில் வழிபாட்டு வேளையில் பெற்ற இசைவு எவ்வளவு விடுதலையுடையது என்று ஐயுறலாம். எனினும் இடம்பெயர வேண்டியவரிடமே கேட்க வேண்டும் என்னும் அறம் அங்கு ஏற்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கடற்கரையில் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடும்போது அதன் அருமை விளங்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சமயப் பணியாளர் பொதுவாழ்வில் ஈடுபடுதல் குற்றமன்று. அவர் தம் நம்பிக்கையை மறைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. அவருடைய மனச்சான்றுரிமை அவர் நடத்தும் பள்ளியின் நிருவாக உரிமையிலிருந்து வேறானது; முன்னதன் தூய்மையைப் பின்னதற்கு இரவலாகப் பெறுதல் இயலாது. நிலைப்பாட்டின் விலையை அவரே தாங்கும்போது அது சான்று பகர்தலாகிறது. தம்மைச் சார்ந்தோர் தாங்குமாறு செய்யும்போது அதிகாரம் செலுத்துதலாகிறது. பிறர் தாங்க வேண்டிய நிலை வருமாயின் அவர்தம் இசைவு கேட்கப்பட வேண்டும். கேட்கவியலாத நிலையிலுள்ள குழந்தையின் கல்வி எந்தப் போராட்டத்திலும் பணயப்பொருள் ஆகலாகாது. இவ்வெல்லை கிறித்தவப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. சமயம், சாதி, கட்சி ஆகிய எப்பின்னணியோடும் இந்நாட்டில் பள்ளி நடத்துவோர் அனைவருக்கும் பொதுவானது.