ஆடுகளத் தரையும் நடுநிலையும்

திறந்தவெளி விளையாட்டுக் களத்துக்கு எத்தகைய தளம் இடுவது என்னும் கேள்வி, செலவையும் மழை வெயிலையும் பராமரிப்பையும் கணக்கிட்டுப் பொறியாளர் விடைகாண வேண்டிய ஒன்றாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் அக்கணக்குகளுக்கு அடியில் அறவியல் கேள்வி ஒன்று கிடக்கிறது. அறவியல் என்பது மனிதர் ஒருவருக்கொருவர் ஆற்ற வேண்டிய கடன் எது என ஆராயும் மெய்யியல் துறை. போட்டியிடும் இருவருக்கும் பொதுவான தரை, அவ்விருவருக்கும் இடையே நடுநிலை வகிக்கக்கூடியதா என்பதே அக்கேள்வி. கோடும் வலையும் விதியும் இருவருக்கும் ஒன்றாயிருப்பதால் தரையும் அவ்வாறே என்று கொள்வது இயல்புதான் எனினும், அது பிழை என்பதை டென்னிஸ் ஆட்டம் ஐயமறக் காட்டிவிடுகிறது.

பாரிஸ் நகரின் ரோலான் காரோஸ் களத்தில் கல், சரளை, நிலக்கரிக் கசடு, சுண்ணாம்புக்கல் என அடுக்கடுக்காக இட்டு, அவற்றின் மேல் ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குச் செங்கல் தூளைப் பரப்புகின்றனர்; செம்மண் தளம் எனப்படுவது இதுவே. லண்டனின் விம்பிள்டனிலோ ரைகிராஸ் என்னும் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கத்தரித்து வைக்கின்றனர். செங்கல் தூளில் உராய்வு மிகுதியாதலால், அதில் விழும் பந்து வேகம் தணிந்து உயரமாக எழும்பி, நெடுநேரம் ஓடித் திருப்பியடிக்கும் பொறுமையுள்ளவருக்கு உதவுகிறது. புல்லில் அது வழுக்கித் தாழ்வாக விரைவதால், வலிய சர்வீஸ் அடித்து வலையை நோக்கி முன்னேறும் துணிவுள்ளவர் பயன்பெறுகிறார். எந்தத் திறமைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை, ஆட்டம் தொடங்குமுன்பே தரை ஓரளவு தீர்த்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும். 2007இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், வலைக்கு ஒருபுறம் செம்மண்ணும் மறுபுறம் புல்லுமாக அமைத்த களத்தில் செம்மண்ணில் வல்லவரான நடாலும் புல்லில் வல்லவரான ஃபெடரரும் மோதினர். பக்கம் மாறும்போது காலணியையும் மாற்றிக்கொண்ட அந்தக் காட்சிப் போட்டியில், மூன்றாம் செட்டின் டைபிரேக்கில் நடால் வென்றார். அவரவர் வல்லமைக்குரிய இரு தரைகளையும் சரிபாதியாகக் கலந்தும் நடுநிலை பிறந்துவிடவில்லை. இடையறாது மாறும் தரைக்கேற்ப உடலை மாற்றிக்கொள்ளும் மூன்றாவது திறமை ஒன்றுக்கே அக்களம் இடம் தந்தது. சார்பற்ற தரை என ஒன்று இல்லை.

அப்படியாயின் நீதியைத் தரையில் தேடுவதை விட்டு, தரையைத் தெரிவுசெய்யும் முறையில் தேட வேண்டியதாகிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூலில், தாம் செல்வரா வறியவரா, வலியவரா மெலியவரா என அறியாதவாறு ஒரு திரைக்குப் பின் நின்று மனிதர் ஒப்புக்கொள்ளும் விதிகளே நேர்மையானவை என்றார். இதனை அறியாமைத் திரை என்பர். நாட்டு அணிகள் மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது: தன் நாட்டில் ஆடும் அணி, தன் வலிமையை நன்கறிந்தே தளத்தைத் தெரிவுசெய்யலாம். 1987இல் சென்னை ஆட்டக்காரர்களான விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோர் இடம்பெற்ற இந்திய அணி, சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை வென்று இறுதிப் போட்டிக்குச் சென்றது. அதில், தன் நாட்டில் ஆடிய ஸ்வீடன் தெரிந்தெடுத்த செம்மண் தளத்தில் 5-0 என வீழ்ந்தது. எனினும் இவ்வழக்கத்தை அநீதி எனத் தள்ளிவிட இயலாது. விதி முன்கூட்டியே அறியப்பட்டது. இன்று விருந்தாளியாகச் சென்றவர் நாளை விருந்தளிப்பவராகலாம் என்னும் பரிமாற்றம், திரை செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறது.

அப்பரிமாற்றம் இல்லாத இடத்தில்தான் குறை பெரிதாகிறது. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணி, ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தளத்தில் ஹாக்கி ஆடப்பட்ட 1976 மாண்ட்ரியால் போட்டியில் 7ஆம் இடத்தையே பெற்றது. தோல்விக்குத் தளம் ஒன்றே காரணம் என்பது மிகை. இயற்கைப் புல்லில் வளர்ந்த நியூசிலாந்தே அங்கு தங்கம் வென்றது. முறையீடு வேறிடத்தில் எழ வேண்டும். செயற்கைத் தளம் பந்தைச் சீராக ஓடவிடுவது நன்மையே எனினும், அதை வாங்கவும், நீர்த்தளமாயின் ஆட்டத்துக்கு முன் நனைக்கவும் வசதியற்ற ஊர்களில், வெறும் திடலில் வளர்ந்த சிறுவர்களின் கைத்திறன் உயர்நிலை ஆட்டத்துக்குப் பொருந்தாததாகிவிட்டது. தளத்தை மாற்றியவர் அதன் செலவைத் தாங்கக்கூடியவராயும், தாங்க முடியாதவர் அத்தெரிவில் குரலற்றவராயும் இருந்தால், பந்து எவ்வளவு சீராக ஓடினாலும் அத்தெரிவு நேர்மையானதாகாது.

இதுவரை தரை ஒரு கருவியாகவே எண்ணப்பட்டது. சமய மரபுகள் அதை மூன்றாம் தரப்பாக, கடன்பட்டிருக்க வேண்டிய ஒன்றாகக் காண்கின்றன. களரிப்பயிற்று என்னும் போர்க்கலையைப் பயிலும் வடகேரளத்தின் குழிக்களரி, நிலமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்பட்ட மண்தரை. பயில்வோர் அதனுள் இறங்கியதும் மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தென்மேற்கு மூலையிலுள்ள பூத்தறை என்னும் ஏழு படிப் பீடத்தை வணங்குவர். ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தில், தோஹ்யோ எனப்படும் களிமண் மேடையின் நடுவே, பெருந்தொடர் தொடங்குவதற்கு முந்தைய நாள், அரிசி, உப்பு, கடற்பாசி, உலர்ந்த கணவாய் முதலியவற்றை இட்டுப் புதைக்கும் சடங்கை, நடுவர்களே பூசகர் உடையில் நிகழ்த்துவர். தரையைத் தம் வெற்றிக்கான பொருளாக மட்டும் எண்ணாமல், தமக்கு முன்பும் பின்பும் நிலைப்பதாகப் போற்றும் இம்மனநிலை, தளத்தெரிவில் இன்று பெரிதும் காணப்படாத ஒன்று. அது மீள வேண்டும்.

ஆயினும் வணக்கமும் அநீதிக்குக் கருவியாகக்கூடும். அதே சுமோ மேடையில் மரபுப்படி பெண்கள் ஏறக்கூடாது. 2018 ஏப்ரலில் ஜப்பானின் மைசுரு நகரில், மேடையில் உரையாற்றிய நகரத் தலைவர் மயங்கி விழுந்தபோது, முதலுதவி செய்ய ஏறிய பெண்களை இறங்குமாறு நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். சுமோ சங்கத் தலைவர் பின்னர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். புனிதத்தைக் காக்க எழுந்த அவ்வறிவிப்பு, அப்புனிதம் எவ்வாறு உண்டாகிறது என்பதையே மறந்தது: தோஹ்யோ களிமண்ணால் மீண்டும் மீண்டும் கட்டப்படுவது, சடங்கால் மீண்டும் மீண்டும் தூய்மையாக்கப்படுவது, அன்று அதன்மேல் வீழ்ந்து கிடந்தவரின் உயிருக்கோ அவ்வாறு மறுமுறை இல்லை.