இணைப்பு யார் பெயரில்?



ஷோனெஃபெல்ட் என்றதும் எம்மவரில் மூத்தோருக்கு அந்த விமான நிலையமே நினைவுக்கு வரும். 1980களின் முற்பகுதியில் எம்மில் பலர் அங்கே இறங்கி, கிழக்கு பேர்லினூடாக மேற்கு பேர்லினுக்கு வந்து தஞ்சம் கோரினோம். அந்நாளில் எம்முன் நீட்டப்பட்ட தாள்களில், என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமலே ஒப்பமிட்டோம். வேறு வழி இருக்கவில்லை.

இன்று அதே ஷோனெஃபெல்ட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் புதுவீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தத் திட்டம், எத்தனை மெகாபிட், மாதம் எவ்வளவு என்று பார்ப்பது பிள்ளை. டொச் மொழியில் பேசி நாள் குறிப்பதும் பிள்ளை. திருத்துநர் வந்துபோன பின் ரூட்டரை மாட்டிக் கடவுச்சொல் இடுவதும் பிள்ளையே. தந்தை செய்வது ஒன்றுதான்: ஒப்பமிடுவது. அன்று போலவே, வாசிக்காமல்.

அந்த இணைப்பில் பிழை ஒன்று நடந்தால் பொறுப்பு யாருக்கு? ஒப்பமிட்டவருக்கா, பயன்படுத்தியவருக்கா?

இக்கேள்வி ஜேர்மனியின் நீதிமன்றங்களுக்கே வந்தது. 13 வயது மகன் இசைக் கோப்புகளை இணையத்தில் சட்டவிரோதமாகப் பகிர்ந்த வழக்கில், 2012 நவம்பரில் சமஷ்டி உச்ச நீதிமன்றம் பெற்றோரை விடுவித்தது. இது கூடாது என்று பிள்ளைக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாதபோது ஓயாமல் வேவு பார்க்க வேண்டியதில்லை என்றது தீர்ப்பு.

2017 மார்ச்சில் வேறொரு வழக்கு. பாடகி ரிஹானாவின் இசைத்தொகுப்பு ஒரு வீட்டு இணைப்பின் வழியே பகிரப்பட்டிருந்தது. அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மூவர். செய்தவர் யார் என்று தமக்குத் தெரியும் என்றனர் பெற்றோர். பெயரைச் சொல்ல மறுத்தனர். 3,500 யூரோவுக்கு மேல் அவர்களே செலுத்த நேர்ந்தது. குடும்பத்துக்கு அரசியலமைப்பு தரும் பாதுகாப்பைக் காட்டி அவர்கள் செய்த முறையீட்டையும் 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. பிள்ளையைக் காட்டிக் கொடுக்கும்படி எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மௌனம் காத்தால் அதன் சுமையையும் சுமக்க வேண்டும் என்பதே சாரம்.

கன்றைக் கொன்ற மகன்மேல் தேரேற்றிய மனுநீதிச் சோழன் கதையில் வளர்ந்தவர்கள் நாம். அவன் மகனை நீதிக்குக் கொடுத்தான். நாமோ, உள்ளதைச் சொன்னால், அந்தப் பெற்றோரைப்போலவே வாய்மூடியிருப்போம். அது குற்றமா? பாசத்துக்காகத் தானே நட்டப்படுபவனைக் கோழை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பாசத்தைக் காட்டி நட்டத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் அறமாகாது.

ஆனால் இதில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். வளர்ந்த பிள்ளை. தாயும் தந்தையும் நீதிமன்றப் படி ஏறுமுன், "நான்தான் செய்தேன்" என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. பெற்றோரின் மௌனத்தை நல்ல பிள்ளை கேட்டு வாங்கமாட்டாது.

இந்தப் பேச்சுக்கு உரிய நாள், வழக்கறிஞரின் கடிதம் வரும் நாள் அல்ல; இணைப்பு எடுக்கும் நாள். 2021 டிசம்பர் முதல், ஒப்பந்தத்துக்கு முன் அதன் சுருக்கத்தை நிறுவனம் எழுத்தில் தரவேண்டும் என்பது ஜேர்மன் சட்டம். அத்தாளைப் பிள்ளை வரிவரியாகத் தமிழில் சொல்லட்டும், பெற்றோர் கேட்கட்டும். பிறகு பெற்றோர் தம் பங்குக்கு, இந்த வீட்டில் எது கூடும், எது கூடாது என்று சொல்லட்டும். அரைமணி நேரம் போதும்.

அன்று விளங்காமல் ஒப்பமிட்டது எம் நிலைமை. இன்றும் அப்படியே ஒப்பமிட்டால் அது எம் அசட்டை. ஒப்பம் தந்தையுடையதானாலும், வீட்டின் பெயர் எல்லோருக்கும் பொது என்பதைச் சிந்திப்போமாக.