ஒத்திகையும் தவக்குலும்

"எது நடந்தாலும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கும். வராத முஸீபத்துக்கு இப்போதே ஏன் ஓடியாட வேண்டும்?" என்று கேட்போர் நம்மில் உண்டு. தீ, வெள்ளம், ரயில் விபத்து ஆகியவற்றை எதிர்நோக்கி மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒத்திகை நடத்துவதைப் பார்த்து, இது வீண் வேலை என நகைப்போரும் உண்டு. இக்கேள்வியை மார்க்கத்தின் வெளிச்சத்தில் சற்றுச் சிந்திப்போம்.

ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலே வைப்பதா என்று கேட்டவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அதனினும் நுட்பமான பாடம் தொழுகையிலேயே இருக்கிறது. பகைவர் எதிரே நிற்கும்போது தொழ வேண்டிய முறையை அந்நிஸா அத்தியாயத்தில் (4:102) அல்லாஹ் கற்றுத் தருகிறான். ஒரு பிரிவினர் இமாமுடன் தொழ, மறு பிரிவினர் காவல் நிற்பர். பின்னர் இடம் மாறிக்கொள்வர். ஆயுதமும் உடன் இருக்கும். ரப்பின் முன் நிற்கும் நேரத்திலும் யார் எங்கே நிற்பது, எப்போது மாறுவது என்பது முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. காவல் நின்றவருக்கு ஈமான் குறைவு என்று நம்மில் எவரேனும் சொல்லத் துணிவோமா?

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு, சுபுஹுத் தொழுகையில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டார்கள். அந்த நிலையிலும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து இமாமத்துக்கு முன்னே நிறுத்தினார்கள். அவர்களும் சுருக்கமாகத் தொழுவித்து முடித்தார்கள். பின் வரிசைகளில் நின்றோர் உமர் (ரலி) அவர்களின் குரல் கேட்காததை மட்டுமே உணர்ந்தார்கள். இமாமுக்கு இடர் நேர்ந்தால் யார் முன்வருவது என்ற சட்டத்தை நம் ஃபுகஹாக்கள் விரிவாக எழுதி வைத்தது ஏன்? அந்த நேரத்தில் கூடிப் பேசி முடிவு செய்ய அவகாசம் இராது என்பதனால் அன்றோ!

நல்ல மருத்துவமனை செய்வதும் இதைத்தான். பெரிய மருத்துவர் ஊரில் இல்லையெனில் கட்டளையிடுவது யார்? மின்சாரம் நின்றால் சுவாசக் கருவியில் இருப்பவருக்குக் கையால் காற்றூட்டுவது யார்? எழுந்து நடக்க இயலாதவரைப் போர்வையோடு படிக்கட்டில் இறக்குவது எப்படி? இவற்றை ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. மருத்துவர் முதல் வாசல் காவலாளி வரை செய்து பழக வேண்டும். குறைகளைப் பேசித் திருத்தி மீண்டும் பழக வேண்டும். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஒரு மருத்துவமனையில் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, 90 பேரளவில் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மூச்சுத் திணறிய நோயாளிகளே.

இனி, இதிலுள்ள கடினமான கேள்விக்கு வருவோம். பத்துப் பேரைக் கவனிக்க ஆள் உள்ள இடத்தில் நூறு பேர் வந்து விழுந்தால், முதலில் யாரைத் தொடுவது? காயப்பட்டோரின் பதவியையோ நாட்டையோ பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசைப்படுத்த வேண்டும் என்ற முறையை நெப்போலியனின் படை மருத்துவர் லாரி கடைப்பிடித்தார். இன்று பல நாடுகளில் இதற்கு வண்ண அட்டைகள் உண்டு. உடனே கவனித்தால் பிழைப்பவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக் கூடியவருக்கு மஞ்சள், நடக்கக் கூடியவருக்குப் பச்சை, இறந்தவருக்கும் காப்பாற்ற இயலாதவருக்கும் கறுப்பு.

உயிர் இருக்கும் ஒருவரைக் கடந்து அடுத்தவரிடம் செல்வது பாவமாகாதா என்று உள்ளம் பதறும். பதறத்தான் வேண்டும். ஆயினும், பிழைக்கக் கூடிய மூவரை விட்டுவிட்டு ஒருவரிடமே நின்றுவிட்டால், அம்மூவருக்கும் நாம் என்ன பதில் சொல்வோம்? அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அட்டை கட்டுபவர் அதைத் தீர்மானிப்பதில்லை. தம் இரு கைகளை எங்கே செலவிடுவது என்பதையே தீர்மானிக்கிறார். அதனால்தான் நிலைமை மாறினால் அட்டையையும் மாற்றுகிறார்கள். பழகாத மருத்துவமனையில் நடப்பதென்ன? உரக்கக் கத்தியவர், செல்வாக்குள்ளவர், ஊழியரின் உறவினர் ஆகியோருக்கே கட்டில் கிடைக்கும். மூலையில் முனகும் ஏழையை எவரும் பாரார். ஆகவே ஒத்திகை என்பது வெறும் திறமைப் பயிற்சி அன்று. நெருக்கடியிலும் அதுல் என்னும் நீதி தவறாதிருக்க எடுக்கும் பயிற்சி.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, ஹமீதியா மருத்துவமனைக்கு மக்கள் வெள்ளமாய் வந்தனர். மருத்துவர்கள் ஊணுறக்கமின்றி உழைத்தார்கள். ஆனால் வந்திருப்பது என்ன வாயு, அதற்கு என்ன மருந்து என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தியாகத்தில் குறையில்லை, முன்னறிவுதான் இல்லை. 2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓட்டப்பந்தயத்தில் குண்டுகள் வெடித்து, மூவர் அவ்விடத்திலேயே மாண்டனர். காயமுற்றோர் 260 பேருக்கும் மேல். அவர்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். மருத்துவமனை சேர்ந்தோர் அனைவரும் பிழைத்தனர். அந்நகரம் பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்திருந்தது. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் அமைத்த காரணங்களைப் பேணுவதோ நம் கடமை.

நமக்கும் இதில் பங்குண்டு. விபத்து என்று கேட்டதும் மருத்துவமனை வாசலில் கூட்டமாய்த் திரண்டு ஆம்புலன்ஸின் வழியை அடைக்காதிருப்பதும் ஓர் அமல்தான். நம் பிள்ளைகள் நர்ஸாகவோ மருத்துவராகவோ பணியாற்றினால், ஒத்திகை நாளில் சாக்குச் சொல்லி நழுவாமல், ஓர் உயிரைக் காக்கும் நிய்யத்துடன் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளைகளில் இருப்போர், கட்டடத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். நோயாளி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அந்த அமானத்தைப் பற்றிக் கேட்கப்படும் நாளில், "எதிர்பாராமல் நடந்துவிட்டது" என்ற சொல் எவ்வளவு தூரம் உதவும்?

முஸீபத்துகளை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! வந்துவிட்டால், ஆயத்தமாய் நிற்போரின் வரிசையில் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.